குகைக்குள் அழுதது

அக்டோபர் 17, வியாழன்

டார்க்குவிலோடு மறுபடி சண்டை. கல்யாணமானதிலிருந்து இந்தக் கரையின் கடற்குகைகளை எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் நுழைந்து பார்த்திருக்கிறோம். பாக்கி வடக்கு முனைக் குகை ஒன்றுதான். கடல்நாய்கள் குட்டி போடும் மாதம், அலையும் சரியில்லை, வசந்தம் வரட்டும் என்றேன். எனக்குப் பயம் வந்துவிட்டதாம். பயம்தான், அதில் என்ன வெட்கம்? இன்வர்னெஸில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். போய்த் தொலை என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

விடிந்தபோது ஆள் இல்லை. முதல் பஸ் ஏறிக் கப்பலுக்குப் போயிருப்பான். போனை எடுக்கவில்லை. வீம்பு.

அக்டோபர் 19, சனி

மோர்வெனோடு சிங்கி இறால் கூண்டு தூக்கப் போனேன். அவள் கிளாஸ்கோக்காரி, பக்கத்து வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வடக்கு முனைக் குகை வாசலில் படகை நிறுத்தியபோது உள்ளே அழுகுரல். மோர்வென் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டாள்.

"யாரோ இருக்காங்க டோலி. மனுசக் குரல் மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கடல்நாய்க்குட்டிடி. குழந்தை மாதிரிதான் அழும். விடு, நாம உள்ளே போனா தாய் பயந்து குட்டியை விட்டுட்டு ஓடிடும்."

இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்புறம் ஏன் அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை?

அக்டோபர் 20, ஞாயிறு

கரி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அவன் ஹெல்மெட் ஆணியில் இல்லை. நீளக் கயிறும் இல்லை.

இன்வர்னெஸுக்கு எவன் ஹெல்மெட் கொண்டு போவான்? படகு துறையிலேயே நிற்கிறது — பாறை மேலிருந்து கயிறு கட்டி இறங்கியிருப்பானோ? அவன் அண்ணன் வீட்டுக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை, சர்ச்சுக்குப் போயிருப்பார்கள். இங்கேயும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், துணிகூடக் காயப்போட மாட்டார்கள். நான் தனியாகப் போய் ஆளைத் தூக்க முடியாது, கூட யார் படகை இறக்குவார்கள்? கெஞ்சிக் கூட்டிப் போய் அது குட்டியாக இருந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? குட்டியா இல்லேன்னா? ஐயோ, இங்க என்னடி எழுதிக்கிட்டு உக்காந்திருக்கே, எந்திரி —

அதே நாள், சாயங்காலம்

சர்ச் வாசலில் நார்மனைப் பிடித்தேன். சபை மூப்பர், பெரிய படகுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பேப்பர்கூடப் படிக்காதவர். சொன்னதெல்லாம் குழறியது. பின்னால் யாரோ, டோலிக்கே குட்டி சத்தம் தெரியலையாம் என்று முணுமுணுத்தார்கள்.

நார்மன் பைபிளை மனைவி கையில் கொடுத்தார். "கடல்நாய்க்குட்டின்னா கர்த்தர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். மனுசன்னா நாம ரெண்டு பேரும் என்னத்தைச் சொல்றது? வா, ஏறு."

குகையின் கடைசியில், கூழாங்கல் மேட்டில் கிடந்தான். கால் ஒடிந்து, உதடு நீலம் பாரித்து, உயிரோடு. கையெட்டும் தூரத்தில் ஒரு வெள்ளைக் குட்டி, அதுவும் கத்திக்கொண்டிருந்தது. அப்படியானால் நேற்று நான் கேட்டது எதன் குரல்? என்னால் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. கால் தப்பியது. மோர்வென் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அக்டோபர் 23, புதன்

ஸ்டோர்னோவே ஆஸ்பத்திரி. இன்றைக்குத்தான் தெளிவாகப் பேசினான். கயிறு பாறையில் உரசி அறுந்ததாம். சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு, "சனிக்கிழமை உன் குரல் கேட்டுச்சு" என்றான்.

"குட்டின்னு நான் சொன்னதும் கேட்டுச்சா?"

"ம். நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்." போர்வையை இடுப்புவரை இழுத்துக்கொண்டான். "அதுக்கப்புறம் கத்துறதை விட்டுட்டேன்."

இது மன்னிப்பா, குத்தலா? எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. அவனுக்கே தெரியுமோ என்னவோ. மிச்ச சூப்பை ஊட்டினேன், குடித்தான். ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. நர்ஸ் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.