ஜன்னலோரப் பாட்டில்

மார்ச் 4
அண்ணியின் நாற்றுகளில் இன்றும் வேர் கிளைக்கவில்லை. கேரட்டை ஆரஞ்சாக்கும் நிறமியைத்தான் அவரும் கொடுத்தார், நானும் கொடுத்தேன். என்னுடையவை கொத்துக்கொத்தாகப் பக்கவேர் விட்டன. பிள்ளைகளுக்காகப் பத்து வருடம் வீட்டிலிருந்தவர். கணவரின் அக்கா என்று ஆய்வகத்துக்குச் சிபாரிசு செய்ததும் நான்தான். அவர் கையில் அதே முடிவு வராததால் இப்போது என் கட்டுரை தடைபட்டு நிற்கிறது.

மார்ச் 6
ஆய்வகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "அடுப்படியில கண்ணளவா போடுற மாதிரி இங்க போட முடியாது, அண்ணி." யாரோ சிரித்தார்கள். அண்ணி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். என் நாக்கில்தான் சனி.

மார்ச் 9
அண்ணி வரவில்லை. காய்ச்சலாம். "அக்காவை என்ன சொன்ன?" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 10
அண்ணியின் நிறமிப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். குளிர்பெட்டியில், வெளிச்சம் படாமல் தாள் சுற்றி — அடர்ந்த ஆரஞ்சு. என்னுடையது மாதக்கணக்கில் ஜன்னலோரம் கிடந்தது. வெளிறிய மஞ்சள். ஐயோ! வெயிலில் நிறமி உடைந்திருக்கிறது. அப்படியானால் வேரைக் கிளைக்க வைத்தது நிறமியா, அது உடைந்த துண்டா? அண்ணியுடையதில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைத்தேன்.

மார்ச் 20
வெயிலில் வெளுத்ததைக் கொடுத்த நாற்றுகளில் பக்கவேர் மண்டிக் கிடக்கிறது. ஆரஞ்சு மாறாததைக் கொடுத்தவை சும்மா நிற்கின்றன. நிறமி உடைந்தால்தான் வேருக்குச் சேதி போகிறது. அண்ணி செய்ததில் ஒரு பிசகும் இல்லை. இவ்வளவு நல்ல முடிவு எனக்கு வந்ததே இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 21
அண்ணி வேலையை விடுகிறாராம். "'எனக்கு இனிமே இதெல்லாம் வராது'ன்னு அக்கா அழுதா," என்றார் இவர். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்க வசதியாகப் போயிற்று. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்!

மார்ச் 23
கூட்டத்தில் சொன்னேன். "அண்ணி செஞ்சதுதான் சரி. நான் பேசினது தப்பு." யாரும் சிரிக்கவில்லை. கட்டுரையில் அண்ணி பெயர் முதலில் வரட்டும் என்றார் ஆய்வகத் தலைவர். சரி என்றேன்.

சாயங்காலம் நாற்றுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டு வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். வேர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழகா இருக்கு," என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 2
அண்ணி வேலைக்கு வந்துவிட்டார்! எந்தத் துண்டு சேதி சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க எனக்கு முன்பே திட்டம் போட்டுவிட்டார். என்னை எப்போதும் வா, போ என்பவர், அளவுக் குழாயை நீட்டி, "சரியா இருக்கா பாருங்க, மேடம்," என்றார். ஆய்வகம் என்பதால் இருக்கும்.

ஏப்ரல் 5
அண்ணி வீட்டுக்கு வந்திருந்தார். அவரே டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்தார். "சர்க்கரை போதுமா, மேடம்?"

பிள்ளைகள் புது விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். போதும் அண்ணி, என்றேன்.