இறாலுக்கு ஊர் கேட்டவளுக்கு

அக்கா, அலமாரியைத் துடைக்கும்போது நீ கொண்டுவந்த தேன் பாட்டில் கையில் பட்டது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அதே கசப்பு. செஸ்ட்நட் மரத்துப் பூவில் எடுத்த தேன் அப்படித்தான் இருக்கும் என்றாய் அன்று. "கசக்குதுன்னு துப்பாதடி. கொஞ்ச நேரம் வாயில வெச்சிரு."

இத்தாலியில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில், நடக்க முடியாத ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள் நீ. ஒரே ஒரு முறை விடுப்பில் வந்தாய். வந்ததிலிருந்து அந்த ஊர்ப் பேச்சுதான். குளிர் தொடங்குமுன் மாடுகளுக்குப் பூச்சூட்டி மலையிலிருந்து இறக்குவார்களாம். செஸ்ட்நட் உதிரும் பருவத்தில் தெருவிலேயே அடுப்பு மூட்டிச் சுட்டு ஊரே தின்னுமாம். அங்கே செய்யும் சீஸ் ஒவ்வொன்றிலும் பள்ளத்தாக்கின் பெயரைச் சூடு போட்டிருப்பார்களாம். வேறு ஊர்க்காரன் அந்தப் பெயரைப் போட்டால் கேஸாம்.

நான் நம் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் படகுகளில் இறால் வாங்கி ஏஜெண்டுக்குப் போடுபவள். அவன் ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது நீ கேட்டாய்.

"இந்த எறாவுக்கு இன்னா ஊர் பேரு போடுவீங்க?"

"எறாவுக்கு ஏதும்மா ஊரு? பெட்டிக்கு நம்பர்தான்."

அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரமே ஊர்க்கூட்டத்தில் எழுந்தாய். பெண்கள் சேர்ந்து, பழவேற்காடு என்று பெயர் போட்டு நாமே விற்கலாம் என்றாய். ஏரியின் பெயர் வெளியே தெரிந்தால்தான் ஏரிக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் வரும் என்றாய். நன்றாகத்தான் பேசினாய். நைனா போன பிறகு நம்மை வளர்த்த சித்தப்பாதான் குறுக்கிட்டார்.

"சீமையில கெழவிக்குப் பீ அள்றவ, எங்களுக்கு யாவாரம் சொல்லித் தர வந்துட்டியா? ஒக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நீ உட்காரவில்லை, வெளியே நடந்தாய். நான் பின்னாலேயே ஓடிவந்தேன்.

"அந்த அம்மா ஒரு நாளும் என்னை அப்டி பேசினதில்லடி" என்றாய். விடுப்பு முடியுமுன்னே கிளம்பிவிட்டாய்.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல், நெஞ்சில் சளி என்று போனில் சொன்னாய். அடுத்த அழைப்பு அந்த அம்மாளின் மகனிடமிருந்து வந்தது. உன்னை அங்கேயே அடக்கம் செய்ததை வீடியோவில் பார்த்தேன். எங்கும் பனி. யாரென்றே தெரியாத மனிதர்கள் உன்னைத் தோளில் சுமந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி அந்த அம்மாள் அழுதாள். நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

துக்கம் கேட்கச் சித்தப்பா வந்தார்.

"தங்கமான பொண்ணு" என்றார்.

"அத அன்னிக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கணும் சித்தப்பா" என்றேன். உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அவருக்கு வயதாகிவிட்டது, மறந்துவிடு என்கிறார்கள். முடியவில்லை. அவர் படகு கரைக்கு வந்தால் நான் அடுத்த படகுக்கு நடந்துவிடுகிறேன். நீ இருந்தால் "போய்ப் பேசுடி" என்று என்னைத் தள்ளிவிட்டிருப்பாய். நீ இல்லையே அக்கா.