நடராசா அண்ணையின் பெயர் உள்ள கடிதம்

கரம்பொன், ஆவணி 12, செவ்வாய்.

என் மென்பொருளைக் கண்டுபிடிப்பாக ஏற்று ஆக்கவுரிமை தர முடியாதென்று கொழும்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்து, மண்ணுக்குள் கிடக்கும் கற்களில் முட்டாமல் உழவு இயந்திரத்தைத் தானாக ஓட்டும் மென்பொருள் அது. மூன்று வருட வேலை. மனிதன் மனத்தால் செய்வதைக் கணினி செய்தால் கண்டுபிடிப்பு ஆகாதாம். அதற்குச் சான்றாகக் கடிதத்தில் எடுத்துக் காட்டியிருப்பது என் விண்ணப்பத்தின் வரியையேதான். 'எங்கள் ஊரில் உழவு இயந்திரம் ஓட்டும் நடராசா அண்ணை கற்களை மனத்தில் வைத்துச் செய்வதையே இதுவும் செய்கிறது' என்று நான்தான் எழுதினேன். அவர் பின்னால் வயல் வயலாக நடந்து, அவர் காட்டிய கற்களைப் படமாகக் கீறிவிட்டு, பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த வரியை எடுக்கும்படி சட்டத்தரணி சொன்னார். நான் கேட்கவில்லை.

பின்னேரம் அண்ணை வந்தார். மேசையில் கிடந்த கடிதத்தில் தன் பெயரைக் கண்டுவிட்டார்.

"கொழும்புக் கடிதத்தில என்ர பேரோ, பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தாரும். பிறேம் போட்டு மாட்டப்போறன்."

மிச்சத்தை அவர் வாசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. இனி அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது சுவரில் இருக்கும்.