பலூன் துணி கிழிஞ்ச விஷயம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோட எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா இருக்கணும். இங்கே நாங்களும் அப்படித்தான்னு எழுதக் கை வரமாட்டேங்குது, அதனால விஷயத்துக்கே வந்துடறேன். அப்பாவுக்குக் காது கேக்கலைடி. கொஞ்சநஞ்சம் இல்ல, நல்லாவே போயிடுச்சு. இத்தனை வருஷமா பலூனுக்குத் தீ ஊதற அந்த பர்னர் தலைக்கு மேலேயே காட்டுக் கத்தல் கத்தினா காது என்னத்துக்கு ஆகும்? கேட்டா, நீதான் முணுமுணுக்கறேன்னு என் மேலேயே பாயறார். முதல்ல எனக்குச் சிரிப்பாத்தான் இருந்துது. பலூன்ல ஏற வர்றவங்களுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்வாரே, முதன்முதல்ல பலூன் விட்ட அண்ணன் தம்பி புகைதான் மேலே தூக்குதுன்னு நம்பி ஈர வைக்கோலையும் பழைய செருப்பையும் கொளுத்தினாங்க, மனுஷனை ஏத்த பயந்து ஆடு, வாத்து, சேவல்னு ஏத்தி அனுப்பினாங்கன்னு. அதைக் கேட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா பாத்ரூம் எங்கேன்னு கேக்கறாங்க, இவர் அதெல்லாம் பத்திரமா இறங்கிடுச்சுங்கறார்.

போன ஞாயித்துக்கிழமையோட அந்தச் சிரிப்பு போச்சு. நாலு பேரை ஏத்திக்கிட்டுக் கிளம்பினார், நான் வழக்கம்போல கீழே ஜீப்புல பின்னாடியே போறேன். உனக்குத் தெரியாததா, பலூனுக்கு ஸ்டியரிங்கா இருக்கு, பிரேக்கா இருக்கு? தீயைக் கூட்டினா உள்ளே காத்து சூடாகி, லேசாகி ஏறும், விட்டா ஆறி இறங்கும், நம்ம கையில அவ்வளவுதான், மத்தபடி அந்தந்த உயரத்துக் காத்து இழுத்த பக்கம். வேற காத்தைப் பிடிக்கத் தாழ இறங்கினவர் நேரா மின்கம்பிக்குப் போறார், எதிர்வெயில், கண்ணுக்குத் தெரியலை. நான் வாக்கி டாக்கியில கம்பி கம்பி, ஏறுங்க ஏறுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன், மனுஷன் அவர்பாட்டுக்கு நிக்கறார். கூட நின்ன ஒரு பொண்ணு அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கிக் கையைக் காட்டினப்புறம்தான் தீயைத் திறந்தார். மயிரிழையில தப்பிச்சாங்க, எனக்கு உயிரே போய் வந்துது. இறங்கினதும் வாக்கி டாக்கி கோளாறுன்னார். ஒரு கோளாறும் இல்ல, நானே பார்த்தேன். பலூனை விட்டுடுங்கன்னு கெஞ்சினேன், அழுதேன், கடைசியில ரெண்டு நாள் பேசாம இருந்தேன். நான் பேசலைங்கறதே அவருக்குத் தெரியலைடி.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பமே குழந்தைகுட்டியோட வர்றதா இருந்துது. அதனால ஒரு காரியம் செஞ்சுட்டேன், திட்டாதே. பலூன் உச்சியிலதான் சூடு அதிகம், துணி முதல்ல நையறதும் அங்கேதான், அது தாங்குதான்னு கிளிப் மாட்டி இழுத்துப் பார்க்கறது என் வேலைதானே. முந்தாநாள் ஷெட்டுல இழுத்தேன். இழுக்க வேண்டிய அளவுக்கு நல்லாத் தாங்குச்சு, நானே தைச்ச துணி. அதுக்கு மேலேயும் இழுத்தேன். டர்ருன்னு ஷெட்டே அதிரக் கிழிஞ்சுது. ரெண்டடி தள்ளி எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் கயிறு சுத்திக்கிட்டிருந்தார், திரும்பலை. தோளைத் தொட்டுக் காட்டினேன். கிழிசலைத் தடவிப் பார்த்துட்டு, நல்லவேளை நீ பார்த்தே, மேலே வெச்சுக் கிழிஞ்சிருந்தா அந்தக் குழந்தைங்க கதி என்னன்னு சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துது.

புதுத் துணி வந்து நான் தைச்சு முடிக்கற வரைக்கும்தான் இந்தப் பொய் தாங்கும். அதுக்குள்ள கிளம்பி வா, நீ சொன்னாத்தான் கேப்பார். ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க, வேலை வேலைன்னு சாப்பிடாம கெடக்காதே. ஒண்ணு மட்டும் மறந்துடாதே, போன்ல சொல்லவே வேணாம், எதிர்ல உக்காந்து சொல்லு. போன வாரம் அரை மணி நேரம் அவரோட பேசினியே, சரிம்மா சரிம்மான்னாரே, போனை வெச்சுட்டு என்கிட்ட வந்து, பொண்ணு என்ன சொல்றான்னு கேட்டார்.

இப்படிக்கு,
வழி பார்த்துக்கிட்டிருக்கற
அம்மா