தரை தொடாத நெற்றி

தோஹா

அன்புள்ள உம்மாவுக்கு நிஸாரின் ஸலாம். உங்கள் தலைச்சுற்றல் குறைந்ததா? நான் நலம்.

வெள்ளிக்கிழமை நம் நாட்டுக்காக கோல் அடித்தும் நான் நெற்றியைத் தரையில் வைத்து நன்றி ஸுஜூது செய்யவில்லை என்று நம் ஊர் ஸ்ஃபாக்ஸ் முழுக்கப் பேச்சாம். மைதானத்திலேயே என்னோடு ஆடும் வஜ்தி, "என்னடா, பெரிய ஆளாயிட்டே, நெத்தி இனிமே தரையில படாதோ?" என்று குத்தினான். சிரித்துவைத்தேன். "எம் புள்ள அல்லாஹ்வ மறந்துட்டான்" என்று நீங்களும் தங்கையிடம் அழுதீர்களாமே.

முழங்கால் கொஞ்சம் மடங்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். பயிற்சியாளருக்குத் தெரிந்தால் உலகக் கோப்பைக்கு வேறொருவன் போவான். அதனால் ஊரார் திட்டினால் திட்டட்டும், வாய் திறக்காதீர்கள்.

நம் தோட்டத்து ஒலிவ எண்ணெய் ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கே தேய்த்துவிட ஆளில்லை, நானே தேய்த்துக்கொள்வேன்.

பஸ் வந்துவிட்டது. மறக்கவில்லை உம்மா. ஐந்து வேளையும் தொழுகிறேன், நாற்காலியில் உட்கார்ந்து.

நிஸார்