மாமாவுக்குப் போன பாசித் தீனி

அன்பு மகள் கைனாத்துக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் தாம்பரத்தில் நானும் உன் அம்மாவும் நலம், நார்வே குளிரில் நீயும் நீ வளர்க்கிற மீன் குஞ்சுகளும் நலமா. குஞ்சுகளை முதலில் கேட்டிருக்க வேண்டும், எங்களோடு போனில் பேசும்போதும் உன் ஒரு கண் தொட்டியில்தானே இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. போனில் சொன்னால் நடுவில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ வேலை செய்கிற இடத்தில் பாசியில் செய்கிற மீன் தீனியை, ஊருக்கு வந்த சிநேகிதியிடம் ஒரு பை கொடுத்தனுப்பினாய். யாருக்கு? உன் அம்மாவின் செல்லத் தம்பி உஸ்மான் மாமாவுக்கு. சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் அவர் விரால் குஞ்சு வளர்க்கிறார், சரி. அதுகள் இத்தனை வருஷம் தின்றது யார் அரைத்த கருவாட்டுத் தூள்? அதை விற்றுத்தானே உன்னை மீன் படிப்பு படிக்க வைத்தேன். என் தூளுக்குப் பதிலாக வரப்போகிற சரக்கை என் மகளே செய்கிறாள், அதை மச்சான் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். "இன்னா மச்சான், உங்க பொண்ணு உங்களுக்கு ஒண்ணும் அனுப்பலியா" என்று கடைக்கே வந்து கேட்டுப் பல்லைக் காட்டினார். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். பையை மோந்து பார்த்தேன், மழையில் நனைந்த சுவர் மாதிரி ஒரு வாசனை, கருவாடு வீசாத தீனியை எந்தக் குஞ்சு தொடும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரமே போன் வந்தது. "மச்சான், துப்புதுங்க. நம்ம தூளே அனுப்புங்க, கைனாத்து செஞ்சது வேலைக்கு ஆவல" என்றார். வியாபாரம் திரும்பி வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் என் மகள் செய்ததை அப்படிச் சொல்ல அவர் யார், குறை சொல்வதானால் நான்தான் சொல்வேன். அன்றைக்கே ரயில் ஏறினேன். போய்ப் பார்த்தால் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து, நாம் கருவாட்டுத் தூளைக் காயவைக்கிற மாதிரியே பாதித் தீனியை வெயிலில் கொட்டி வைத்திருக்கிறார், பச்சை போய் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. பையில் சூரியன் படம் போட்டு மேலே குறுக்கே கோடு அடித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சூரியனைத் தெரியும். "படமும் படிக்க வராதா உனக்கு" என்று கேட்டேன். பையில் மிச்சம் இருந்ததைப் போடச் சொன்னேன். குஞ்சுகள் முதலில் முறைத்தன, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்து தின்றன. பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, என் தூளை நினைத்துக் கடுப்பாகவும் இருந்தது.

இப்போது மாமா இரும்புலியூர் வரைக்கும் "எங்க அக்கா பொண்ணு செஞ்ச தீனி" என்று பேசிக்கொண்டு திரிகிறார், அந்தச் சரக்கு இந்தியாவுக்கு வந்தால் இந்தப் பக்கம் அவரே விற்கட்டுமா என்று உன்னிடம் கேட்டாராம், நீயும் "பார்க்கலாம் மாமா" என்றாயாம். என் கடைக்கு வருகிறவர்களை நான் அவரிடம் கைகாட்டி அனுப்ப வேண்டுமா? அதை நான் விற்கிறேன் கைனாத். எப்படி வைப்பது, எப்படிக் கலப்பது எல்லாம் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி என் பெயருக்கு அனுப்பு. மாமா வந்து என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். மாமாவுக்கு மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
நீ பிறந்தபோது மாமாவுக்கு முன்னாலேயே உன்னைக் கையில் வாங்கிய அத்தா,
பக்கீர் முகமது