யாரும் பார்க்காத அடி

9.7.07 திங்கள்

விடியும்போதே புழுக்கம். தாம்பரத்தில் கம்பெனி பஸ் லேட். ஜன்னல் சீட்டுக்கு வழக்கமான சண்டை, எவனோ என் துப்பட்டாவில் கிரீஸ் ஈஷிவிட்டான். யாரென்று தெரிந்தால் கையை முறிப்பேன்.

மறைமலை நகரில் இறங்கியதுமே கிதாமுரா பிடித்துக்கொண்டார். (இனி கி. முழுப் பெயர் எழுதப் பொறுமை இல்லை.) தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்புக்கு ஜப்பானிலிருந்து வந்திருக்கும் மேனேஜர். அவர் வாயில் வருவதைத் தமிழில் சொல்ல எனக்குச் சம்பளம். இன்றைக்கு வந்ததெல்லாம் ஒரே சொல்: ஜோஷிகி. எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, யாரும் சொல்லித் தரத் தேவையில்லாதது என்று அர்த்தம். அகராதிக்காரன் 'பொது அறிவு' என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். கி. வாயில் அது சாட்டை மாதிரி வரும்.

இன்றைய ஜோஷிகி: பச்சைக் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும். டீ குடித்த கப்பைக் குடித்தவனே கழுவ வேண்டும். மேலே இருப்பவர் கிளம்பாமல் கீழே இருப்பவர் பையைத் தூக்கக் கூடாது. "ஏன்னு கேக்கறாங்க" என்று சொன்னேன். ஏன் என்று கேட்காமல் இருப்பதும் ஜோஷிகிதானாம். கையில் இருந்த பேனாவை அவர் கையில் செருகலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

தக்காளி வாங்க மறந்தாயிற்று. அம்மா புளிக்குழம்பு வைத்தாள்.

10.7.07 செவ்வாய்

வாய் திறக்க முடியவில்லை. கீழ் உதட்டில் இரண்டு தையல். எழுதவாவது செய்கிறேன்.

நடந்தது நடந்தபடி. டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னால். ஆபரேட்டர் குணாவின் பிரஸ்ஸில் தகடு சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தாமலே கையை உள்ளே விட்டான். எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். நிறுத்தினால் மறுபடி ஓட வைக்க நேரம் ஆகும், அன்றைய உருப்படிக் கணக்கு குறையும். கி. என்னோடு பேசிக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டார். ஓடினார். பாக்கெட்டிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை உருவி குணாவின் ஹெல்மெட்டில் ஓங்கி ஒன்று வைத்தார். ஷாப் முழுக்கக் கேட்டது. பேக்கிங் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவி குணாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"யார் தலையில கை வெக்கிற? என்ன பெத்தவன்கூட தலையில தொட்டதில்ல! இன்னா நெனச்சிக்கினு கீற நீ?"

காலரைப் பிடித்துத் தள்ளி, மரப் பேலட் அடுக்கில் முகத்தோடு மோதினான். மூக்கில் ரத்தம். மறுபடி மோதினான். நான் நடுவில் புகுந்தேன், எந்தப் புத்தியில் என்று தெரியவில்லை, அவன் முழங்கை என் வாயில். என் சட்டையிலும் ரத்தம். அது என்னுடையதா கி.யுடையதா என்று இப்போதும் தெரியாது. மூர்த்தி அண்ணன்தான், லைன் லீடர், இடுப்பைக் கட்டிப்பிடித்து குணாவை இழுத்தார்.

கூடுவாஞ்சேரி கிளினிக்கில் எனக்கும் கி.க்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசினார். "நான் சேர்ந்த புதிதில் என்னை மேனேஜர் அடித்தார். அவரை அவருடைய மேனேஜர் அடித்திருக்கிறார். பாருங்கள்." பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "மெஷினுக்குள் கை போனால் யாராக இருந்தாலும் அடிக்க வேண்டும். ஜோஷிகி." எழுந்து போய் மூக்கில் இன்னொன்று வைக்கலாம் போல இருந்தது. அதே நேரம், குணாவுக்கும் இன்றைக்குப் பத்து விரல் இருக்கிறது என்பதும் மண்டையில் உறைத்தது. அதனால் இன்னும் எரிச்சல்.

11.7.07 புதன்

லீவு சொல்லியிருக்கலாம். போனேன்.

காலை அசெம்பிளியில் கி. மூக்கில் பிளாஸ்திரியோடு முன்னால் வந்து நின்றார். இடுப்பு வரை குனிந்தார். "என்னால் எல்லாருக்கும் தொந்தரவு. மன்னிக்கவும்." வாயை அசைக்காமல் தமிழில் சொன்னேன். அடித்ததற்கு மன்னிப்பு இல்லை, கவனியுங்கள். லைன் நின்றதற்கு. அடுத்து குணா வந்து குனிவான், விஷயம் முடியும் என்று காத்திருந்தார். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். குணா வரவில்லை. கேட் செக்யூரிட்டி அவனை உள்ளே விடவில்லை. சஸ்பென்ஷன்.

எச்.ஆர். ராமநாதன் கூப்பிட்டார். குணா சங்கம் வைக்க ஆள் சேர்க்கிறான் என்று ஆறு மாதமாகவே அவருக்குத் தூக்கம் இல்லை. இப்போது தானாக வந்து மாட்டியிருக்கிறான். காரணமே இல்லாமல் மேனேஜரை அடித்தான் என்று ஆகிவிட்டால் டிஸ்மிஸ். கி. முதலில் அடித்தார் என்று வந்தால் அவ்வளவு சுலபமில்லை.

"ஷாஹிதா, செவ்வாக்கெழம என்கொயரி. ஹெல்மெட்ட யாரும் தொடல. லைன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நான் பக்கத்துலதான் சார் நின்னேன்."

"நீங்க டிரான்ஸ்லேட்டர்மா. உங்களுக்கு வாய் மட்டும்தான், கண்ணு கெடையாது. வேலை கன்ஃபர்மேஷன் வேற வருது உங்களுக்கு."

அவர் மேசையில் பெரிய ஸ்டேப்ளர் இருந்தது. அதை எடுத்து அவர் காதில் அடித்து மூட வேண்டும் என்று இருந்தது. "சரி சார்" என்றேன். சொன்ன வாய் வலித்தது.

13.7.07 வெள்ளி

வெயில் போய் மதியம் ஒரு பாட்டம் மழை. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கச் சேறு.

கேன்டீனில் ஒவ்வொருத்தராகப் பிடித்தேன். சங்கர்: "நான் அப்ப குனிஞ்சிக்கினு இருந்தேன் மேடம்." அந்தோணி: "எண்ணெய் ஊத்திக்கினு இருந்தேன்." ஒருத்தன் டாய்லெட்டில் இருந்தானாம். டாய்லெட் வரைக்கும் கேட்ட சத்தம் அது, நாயே.

மூர்த்தி அண்ணன் மட்டும் கண்ணைப் பார்த்துப் பேசினார். "பார்த்தேன்மா. ஆனா எல்லாரும் பார்க்கலன்னு சொல்லிக்கினு கீறாங்க. நான் ஒருத்தன் மட்டும் இன்னாத்துக்குப் பார்க்கணும்? நாளைக்கு லைன்ல எவன் எங்கூடப் பேசுவான்?"

"குணாவுக்கு வேலை போவுதுண்ணா. போன மாசம்தான் குழந்தை பொறந்திச்சு."

"தெரியும். பேருகூட நான்தான் வெச்சேன்."

ஜப்பானிய வகுப்பில் எங்கள் டீச்சர் சொல்வார், அங்கே கூட்டத்தின் காற்றை, அதாவது எல்லாருடைய மனப்போக்கையும், படித்து அதன்படி நடக்காதவனை முட்டாள் என்பார்கள் என்று. நாங்களெல்லாம் சிரித்தோம், ஐயோ பாவம் ஜப்பான்காரர்கள் என்று. சிரித்த எங்களை வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும், என்னை முதலில்.

15.7.07 ஞாயிறு

கூடுவாஞ்சேரியிலிருந்து நசீர் அண்ணன். டைல்ஸ் கடையை மூடிவிட்டு பிரியாணியோடு வந்தார். உதட்டைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு,

"எந்தக் கை? அத மட்டும் சொல்லு. ரெண்டு பசங்களக் கூட்டிட்டுப் போய் ஒடைச்சிட்டு வரேன்."

"வேணும்னு அடிக்கல அண்ணா. நடுவுல போனேன், பட்டுச்சு."

"அப்ப அந்த ஜப்பான்காரன ஒடைக்கிறேன்."

யாரையாவது உடைத்தே ஆக வேண்டும் அவருக்கு. எங்கள் குடும்பத்து ரத்தமே அப்படி. சாப்பிட்ட பிறகு குரல் மாறியது. வேலையை விடு. நம்ம வீட்டில் எந்தப் பெண் ஃபேக்டரிக்குப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் உதட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள். இதைத்தான் ஜப்பானிய மொழியில் ஜோஷிகி என்று சொல்வார்கள் என்றேன். புரியவில்லை. நான் தட்டைத் தூக்கி சிங்க்கில் போட்டேன், உடைந்தது. அம்மா அழுதாள். தட்டுக்காகவா எனக்காகவா என்று கேட்கவில்லை.

பயமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், பயம்தான். வேலை போனால் இந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. சொல்லாமல் இருந்துவிட்டால் அதற்கப்புறம் கண்ணாடி பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

17.7.07 செவ்வாய்

சிரித்துச் சிரித்து உதட்டுத் தையல் வலிக்கிறது.

டிரெய்னிங் ஹாலில் என்கொயரி. விசாரிக்க தாம்பரத்திலிருந்து ஒரு வக்கீல், கம்பெனி அமர்த்தியவர்தான், ஆனால் தூங்குமூஞ்சி இல்லை. சாட்சிகளை ஒவ்வொருத்தராக உள்ளே அனுப்பலாம் என்றார் ராமநாதன். கி. மாட்டேன் என்றார். தவறு நடந்தால் அந்த லைனில் இருந்த எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்துதான் பேச வேண்டுமாம், ஜோஷிகி. ஜப்பான்காரர் சொன்னால் மறுக்க முடியுமா. மொத்த லைனும் பெஞ்சில். எதிரே தனியாக குணா, சவரம் செய்யாத முகம்.

ராமநாதன் முன்கூட்டியே கி.யிடம் இங்கிலீஷில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கி. தலையாட்டியிருக்கிறார். காதில் விழுகிறது என்பதற்கும் அவர் அப்படித்தான் ஆட்டுவார். ஒத்துக்கொண்டார் என்று இவர் நினைத்துவிட்டார்.

வக்கீல் தமிழில் கேட்டார், நான் கி.யிடம் ஜப்பானிய மொழியில் கேட்டேன்: குணா உங்களைத் தாக்குவதற்கு முன் நீங்கள் அவரைத் தொட்டீர்களா?

"அடித்தேன்" என்றார் கி. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது போல. "ஹெல்மெட்டில். ஸ்கேலால். பலமாக."

மேசைக்கடியில் ராமநாதனின் ஷூ என் கணுக்காலை உதைத்தது. வலியோடு அப்படியே தமிழில் சொன்னேன். ஒரு எழுத்து விடவில்லை.

"டிரான்ஸ்லேஷன் மிஸ்டேக் சார்" என்று எழுந்தார் ராமநாதன். "இந்தம்மாவுக்கு அவ்வளவா பாஷை வராது. இவங்களையே கேளுங்க. யாராவது பார்த்தீங்களா? மேடம் தப்பாத்தானே சொல்றாங்க?"

முதல் ஆள் தலையாட்டினான். அடுத்தவன் அவனைப் பார்த்து ஆட்டினான். பெஞ்சு முழுக்க ஆடியது. கடைசியில் மூர்த்தி அண்ணன், குனிந்தபடியே. குணா என்னைப் பார்த்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கே இருந்த ஒவ்வொரு நாற்காலியையும் ஒவ்வொரு தலையில் உடைக்க வேண்டும்.

கி. என்ன நடக்கிறது என்று கேட்டார். ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "நான் பொய் சொல்கிறேன் என்கிறார்கள். நீங்கள் அடிக்கவில்லையாம். அன்றைக்குச் செய்ததைத் தயவுசெய்து செய்து காட்டுங்கள்."

கி.யின் முகம் சிவந்தது. எழுந்தார். ஷெல்ஃபிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். நேராக ராமநாதனிடம் வந்து தோளை அழுத்தி உட்கார வைத்தார். ஹெல்மெட்டை மாட்டினார். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினார். இறுக்கம் சரியா என்று விரல் விட்டுப் பார்த்தார். ராமநாதன் "வாட் இஸ் திஸ்" என்பதற்குள் பாக்கெட்டிலிருந்து ஸ்கேல் வெளியே வந்தது.

டங்.

மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தது.

"இப்படியா?" என்றார் வக்கீல், குணாவிடம்.

"இதைவிட ஓங்கி, சார்."

ராமநாதன் ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டே துள்ளி எழுந்தார். முகமெல்லாம் வியர்வை. "அடிச்சிட்டான்! என்ன அடிச்சிட்டான்! பார்த்தீங்க இல்ல? எல்லாரும் பார்த்தீங்க இல்ல?"

பெஞ்சிலிருந்து மூர்த்தி அண்ணன்தான் எழுந்தார்.

"பார்த்தோம் சார். அன்னிக்கும் பார்த்தோம்."